குறி சேர்ந்துவிட்டால் டைமிங் சேர்ந்துவிடுமா?

இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டில், கூடுதல் திறனுக்கான ஒன்றைப் புதிதாக வாங்கினால், எண்ணெய் தடவிச் சுற்றிய கேமுடன் உள்ளங்கை அளவில் ஓர் அட்டையும் பெட்டிக்குள் வரும். அதில் பாகைக் கணக்கில் ஏழெட்டு எண்கள் அச்சிட்டிருக்கும். சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்துப் பட்டறைகளில் கேம் மாற்றுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த அட்டையின் கதி தெரிந்திருக்கும்: கை துடைத்த துணியோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விடும். பழைய கேமில் எந்தக் குறிகளை நேர்ப்படுத்தினார்களோ அவற்றையே புதிய கேமிலும் நேர்ப்படுத்தி, பெல்ட்டை மாட்டி, மூடியைப் பூட்டிவிடுகிறார்கள். இன்ஜின் ஓடுகிறது, ஓடுவதாலேயே டைமிங் சரி என்றும் ஆகிவிடுகிறது. சில வாரம் கழித்து, செலவழித்த பணத்துக்கு வண்டி முன்பைவிட மந்தமாக இருக்கிறதே என்ற புலம்பல் தொடங்கும்போது பழி பெரும்பாலும் கேமின் மீது விழும். கேம் அப்பாவியாக இருக்கக்கூடும்.

பல்சக்கரத்தில் உள்ள குறி, தொழிற்சாலை தன்னுடைய கேமுக்கும், வால்வுகள் அமைந்த மேல்பாகமான தன்னுடைய ஹெட்டுக்கும் தன்னுடைய பெல்ட்டுக்கும் வைத்துக்கொண்ட ஓர் உடன்பாடு. வேறொருவர் கடைந்து அனுப்பிய கேம் அந்த உடன்பாட்டில் கையெழுத்திடவில்லை. அட்டையில் உள்ள எண்களோ எந்தக் குறியையும் சார்ந்தவை அல்ல. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சார்ந்தவை. ஆகவே பிஸ்டனின் இடத்தையும் வால்வின் அசைவையும் நேரடியாக அளந்து, அட்டை சொல்லும் எண்ணுக்குக் கேமைக் கொண்டுவருவதே டைமிங் வைப்பது என்பதன் முழுப்பொருள். பட்டறைப் பேச்சில் இதைக் ‘கேம் டிகிரி பண்ணுவது’ என்பார்கள்.

நான்கு வீச்சு இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 பாகை, சுற்றும்போது கேம் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. கேமின் மீதுள்ள முட்டை வடிவப் புடைப்பான லோப், வால்வைத் தள்ளித் திறந்து, கடந்து போனபின் மூட விடுகிறது. வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது, எவ்வளவு காலம் திறந்திருக்கிறது என்பவை லோப்பைக் கடையும்போதே தீர்மானமாகிவிடுகின்றன. அவற்றைப் பட்டறையில் யாரும் மாற்ற முடியாது. அந்தத் திறப்பும் மூடலும் பிஸ்டனின் பயணத்தில் எந்த இடத்தில் நிகழ்கின்றன என்பது மட்டுமே பொருத்துகிறவரின் கையில் இருக்கிறது.

அட்டையில் உள்ள கணக்கை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம். உள்ளிழுப்பு வால்வு டிடிசிக்கு, அதாவது பிஸ்டன் ஏறக்கூடிய உச்சத்துக்கு, 12 பாகை முன்னால் திறக்கிறது. பிஸ்டன் அடிமட்டமான பிடிசியைத் தொட்டுத் திரும்பி 48 பாகை ஆனபின் மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 180 பாகையையும் சேர்த்தால் திறந்திருக்கும் காலம் 240 பாகை. அதன் பாதியான 120-இலிருந்து 12-ஐக் கழித்தால் 108 வருகிறது. டிடிசியைத் தாண்டி 108 பாகையில் லோப்பின் உச்சி வால்வின் மீது நிற்கும் என்பது இதன் பொருள். இந்த எண்ணையே மையக்கோடு என்கிறார்கள். வெளியேற்று வால்வுக்கும் இதே போல டிடிசிக்கு முன்னால் ஒரு மையக்கோடு உண்டு. இரண்டின் சராசரி, உள்ளிழுப்பு லோப்புக்கும் வெளியேற்று லோப்புக்கும் இடையே கேமின் கணக்கில் உள்ள கோணமாகும். ஒரே கேமில் இரு வகை லோப்புகளும் இருக்கும் இன்ஜினில் அந்த இடைக்கோணம் கடைசல் பட்டறையிலேயே நிலைபெற்றுவிடும். இரட்டைக் கேம் இன்ஜினிலோ ஒவ்வொரு கேமையும் தனித்தனியே நகர்த்தலாம் என்பதால் அதுவும் பொருத்துகிறவரின் பொறுப்பாகிவிடுகிறது. சுதந்திரம் கூடுகிறது, தப்புச் செய்யும் வழிகளும் இரட்டிப்பாகின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘272 கேம்’, ‘264 கேம்’ என்று நண்பர்கள் பேசிக்கொள்ளும் எண், வால்வு இருக்கையைவிட்டு அரும்பத் தொடங்கும் நொடியிலிருந்து அளந்ததாக இருக்கலாம். அட்டையிலுள்ள திறப்பு, மூடல் எண்களோ வால்வு 1 மி.மீ. எழும்பிய இடத்திலிருந்து அளந்தவையாக இருக்கலாம். அமெரிக்க வழக்கில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 50 பங்கு, அதாவது 1.27 மி.மீ. ஒரே கேமை இரு இடங்களிலிருந்து அளந்தால் முப்பது நாற்பது பாகை வேறுபாடு வருவது வியப்பன்று. எந்த உயரத்திலிருந்து அளந்தது என்று தெரியாமல் இரு கேம்களை ஒப்பிடுவது, ஒருவர் காலணியோடும் மற்றவர் வெறுங்காலோடும் நின்று உயரம் பார்த்துக்கொள்வதைப் போன்றது.

நான்கு நிகழ்ச்சிகளில், அதாவது இரு வால்வுகளும் திறந்து மூடுவதில், வண்டியின் குணத்தை மிகுதியாக மாற்றுவது உள்ளிழுப்பு வால்வு மூடும் நேரமே. 1989-இல் இன்டெக்ரா காரில் வெளிவந்த ஹோண்டாவின் பி16ஏ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் பிஸ்டன் பயணம் 77.4 மி.மீ.; இணைப்புத் தண்டின் நீளம் 134.4 மி.மீ. வால்வு 48 பாகையில் மூடுகிறது என்றால், பிஸ்டன் அடிமட்டத்திலிருந்து அதற்குள் ஏறத்தாழ 9.7 மி.மீ. மேலே ஏறிவிட்டிருக்கும். 54 பாகையில் மூடினால் 12.3 மி.மீ.; 60 பாகை என்றால் 15 மி.மீ.-க்கும் சற்று மேல். வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாயும் காற்றின் உந்தம், ஏறிவரும் பிஸ்டனையும் எதிர்த்துச் சிலிண்டரை நிரப்பும். மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்தம் இல்லை. உறிஞ்சிய காற்றின் ஒரு பங்கைப் பிஸ்டனே வந்த வழியில் திருப்பித் தள்ளிவிடுகிறது. உள்ளே சிக்கிய காற்று குறைவதால் அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைவதால் சிக்னலில் இருந்து கிளம்பும்போது வண்டி சோம்பல் முறிக்கிறது. அட்டை சொல்வதைவிட 6 பாகை பின்தங்கிய கேம், காகிதத்தில் சிறிய பிழையாகத் தெரிந்தாலும், காலடியில் நன்றாகவே உணரக்கூடியது.

இரு வால்வுகளும் டிடிசியை ஒட்டிச் சேர்ந்து திறந்திருக்கும் இடைவெளி அடுத்தது. பட்டறையில் ஓவர்லேப் என்பார்கள். வேகம் கூடும்போது வெளியேறும் புகையின் இழுப்பு புதுக் காற்றை உள்ளே வரவழைக்க இது உதவுகிறது. வண்டி நிற்கையில் இன்ஜின் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் இதுவே புகையைத் திரும்பி வரச் செய்து, எரியாத பெட்ரோலை வெளியே விட்டு, இன்ஜினை நடுங்க வைக்கிறது. கேம் போட்ட வண்டியின் ‘டுக்கு டுக்கு’ ஓசையைக் கேட்டு மகிழ்கிறவர்கள் கேட்பது இந்த ஓவர்லேப்பைத்தான். ஓசை நன்றாக இருப்பதற்கும் வண்டி நன்றாக இழுப்பதற்கும் உறவு இல்லை என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்று நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

குறிகள் ஏன் பொய்த்துப்போகின்றன? கேமைப் பல்சக்கரத்தோடு பூட்டும் சிறு ஊசியின் துளை ஓரிரு பாகை தள்ளி அமைந்திருக்கலாம். கிராங்க்கின் சாவிப்பள்ளத்திலும் பெல்ட்டின் நீளத்திலும் தொழிற்சாலை அனுமதித்த சிறு விலகல்கள் உண்டு. அவை ஒன்றையொன்று ஈடுசெய்தால் அதிர்ஷ்டம், ஒரே திசையில் சேர்ந்தால் துரதிர்ஷ்டம். பழைய கேமையே தேய்த்துப் புதிய வடிவம் கொடுக்கும் ரீகிரைண்ட் வகையில், கடைந்தவர் லோப்பின் உச்சியைச் சற்றே நகர்த்தியிருக்கவும் கூடும். இவற்றோடு ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவியிருந்தால் கேமும் கிராங்க்கும் நெருங்கிவருகின்றன. பெல்ட்டின் இழுபக்கத்தில் உண்டாகும் அந்தத் தளர்வை, பெல்ட்டை இறுக்கிவைக்கும் டென்ஷனர் மறுபக்கம் வாங்கிக்கொள்ள, கேம் பின்தங்குகிறது. பல்சக்கரத்தின் ஆரம் 6 செ.மீ. என்றால் கால் மில்லிமீட்டர் சீவியதற்குக் கிராங்க் கணக்கில் ஏறத்தாழ அரைப் பாகை பின்தங்கும். தனியே பார்த்தால் பெரிதில்லை. ஆனால் பத்தாண்டு கடந்து, வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழான சிஓஇ புதுப்பிக்கப்பட்டு, ஒருமுறை சூடேறி, ஒருமுறையேனும் ஹெட் சீவப்பட்ட வண்டிகளில்தான் நம்மூரில் இத்தகைய கேம்கள் ஏறுகின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவது வேறு வகைப் பிழை. கேம் பல்சக்கரத்தில் 40 பற்கள் என்றால் ஒரு பல் கேம் கணக்கில் 9 பாகை, கிராங்க் கணக்கில் 18 பாகை. அதைக் கண்டுபிடிக்க அளவுக்கருவி தேவையில்லை. இன்ஜினே சொல்லிவிடும், சில சமயம் வளைந்த வால்வுகளின் மூலம்.

அளவிடுதலின் முதற்படி உண்மையான டிடிசியைக் கண்டுபிடிப்பது. இதில் அவசரம் காட்டினால் பின்னால் அளப்பவை எல்லாமே அந்தப் பிழையைச் சுமந்துகொண்டு வரும். பிளக் துளை வழியே நீண்ட ஸ்க்ரூ டிரைவரை விட்டு, அது ஏறி நிற்கும் இடமே உச்சம் என்று முடிவு செய்வது பரவலான வழக்கம். ஆனால் உச்சத்தை ஒட்டிப் பிஸ்டன் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. பி16ஏ அளவுகளில் கணக்கிட்டால், டிடிசியிலிருந்து 1 பாகை விலகினால் பிஸ்டன் இறங்குவது 0.01 மி.மீ.-க்கும் குறைவு, 5 பாகை விலகினாலும் 0.2 மி.மீ.-ஐ எட்டுவதில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்த விரல் இதை உணரப்போவதில்லை.

ஆகையால் உச்சத்தை நேரே தேடாமல், அதன் இரு பக்கமும் சம உயரத்தில் பிஸ்டனை நிறுத்தி நடுவைக் கண்டுபிடிக்கிறார்கள். கிராங்க் புல்லியில் பாகைத் தட்டைப் பூட்டி, கம்பி ஒன்றை வளைத்து முள்ளாக வைத்து, முதலாம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் ஒரு போல்ட்டைத் திருகுகிறார்கள். கையால் மெல்லச் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு, எதிர்த்திசையில் சுற்றி மறுபக்கம் முட்டும் இடத்தையும் குறிக்கிறார்கள். ஒரு பக்கம் 31, மறுபக்கம் 37 என்று வந்தால் இரண்டும் 34 ஆகும்வரை தட்டை 3 பாகை நகர்த்த வேண்டும். அப்போது தட்டின் சுழியம் உண்மையான டிடிசியில் நிற்கும். போல்ட்டைக் கழற்ற மறந்துவிட்டு முழுச் சுற்றுச் சுற்ற முயல்கிறவர்களும் உண்டு. எனவே ஸ்பானரை நீளக் குழாய் போட்டுப் பிடிக்காமல் இருப்பது நல்லது. தட்டு பெரிதாக இருந்தால் வாசிப்பது எளிது: 20 செ.மீ. விட்டமுள்ள தட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 1.7 மி.மீ. அகலம் கொண்டிருக்கும், கைப்பேசி அளவுத் தட்டில் அரைப் பாகையைப் பிரித்தறிவது கண்ணுக்கு வைக்கும் சோதனை.

அடுத்து, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை வால்வின் மேல்தட்டின் மீதோ, வால்வின் தலையை மூடியிருக்கும் பக்கெட்டின் விளிம்பிலோ வைக்க வேண்டும். அது வால்வுத் தண்டுக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் உயரம் தவறாகும். கேமுக்கும் வால்வுக்கும் இடையே விடும் டேப்பட் இடைவெளியை அட்டை சொல்லும் அளவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டேப்பட்டுகள் அளக்கும்போது அமுங்கிப் பொய் சொல்லும் என்பதால், அந்த வகை இன்ஜின்களில் திடமான டேப்பட்டையும் இலகுவான ஸ்ப்ரிங்கையும் தற்காலிகமாகப் போடுவார்கள்.

மையக்கோட்டைக் காணவும் டிடிசியைக் கண்ட அதே தந்திரமே உதவுகிறது. லோப்பின் உச்சி வளைவானது. அங்கேயும் முள் சில பாகைகளுக்கு அசையாமல் நிற்கும். ஆகவே முழு உயரத்தைக் கண்டபின் கேஜைச் சுழியத்தில் வைத்து, உச்சிக்கு முன்னால் 1 மி.மீ. குறைவாக உள்ள இடத்தின் பாகையையும், உச்சியைத் தாண்டி 1 மி.மீ. இறங்கிய இடத்தின் பாகையையும் குறித்துக்கொள்ள வேண்டும். 78, 138 என்று வந்தால் நடுவான 108 மையக்கோடு. கிராங்க்கை எப்போதும் இன்ஜின் ஓடும் திசையில் மட்டுமே சுற்றி வாசிக்க வேண்டும் என்பது இதில் மீறக்கூடாத ஒழுங்கு. குறியைத் தாண்டிவிட்டால் சற்றுத் திருப்பி வாசிக்கக் கூடாது. கால் சுற்று பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வந்து வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட்டின் அல்லது செயினின் தளர்வு அளவுக்குள் புகுந்துகொள்ளும். ஹோண்டாவின் பி வரிசை இன்ஜின்கள், பெரும்பாலான பிற இன்ஜின்களுக்கு மாறாக, புல்லிப் பக்கமிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றுபவை என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். டொயோட்டாவில் பழகிய கை இதில் தவறுவது இயல்பு.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. இன்றைய கேம்கள் பலவற்றில் லோப் சமச்சீராக இருப்பதில்லை. வால்வை வேகமாகத் திறந்து மெதுவாக இருக்கையில் அமர்த்தும்படி கடைகிறார்கள். அப்படிப்பட்ட லோப்பில் நடுப்புள்ளியும் உச்சியும் வெவ்வேறு இடங்களில் இருக்கும். அதனால் ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பலரும் ஜப்பானியர் சிலரும் டிடிசியில் வால்வு எத்தனை மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும் என்ற எண்ணை அட்டையில் தருகிறார்கள். பிஸ்டனை ஓவர்லேப் நேரத்து டிடிசியில் நிறுத்தி, டயல் கேஜ் அந்த எண்ணைக் காட்டும்வரை கேமை நகர்த்தினால் வேலை முடிந்தது. லோப்பின் சரிவு அந்த இடத்தில் செங்குத்தாக இருப்பதால் ஒரு பாகை விலகினாலும் முள் தெளிவாக அசையும். அட்டை இந்த எண்ணைத் தந்திருந்தால் நான் மையக்கோட்டை விட்டு இதையே பிடித்துக்கொள்வேன்.

அளந்தது அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்றால் திருத்துவதற்கு நகர்த்தக்கூடிய கேம் கியர் வேண்டும். வெளிவளையமும் உட்பகுதியும் தனித்தனியாக இருந்து, நீள்துளைகளில் போல்ட் போட்டு இறுக்கப்படுவது அது. அதன் முகத்தில் கோடுகளும் எண்களும் பொறித்திருக்கும். பல கியர்களில் அந்த எண்கள் கேமின் பாகையைக் குறிக்கின்றன. நாம் பாகைத் தட்டில் வாசித்ததோ கிராங்க்கின் பாகை. கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் அங்கே 1 என்பது இங்கே 2.

இந்தக் குழப்பம் எவ்வளவு எளிதில் நேரும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். சிஓஇ புதுப்பித்த பழைய சிவிக் ஒன்றுக்குக் கேம் மாற்றும்போது, மேலே எடுத்துக்காட்டாகச் சொன்ன அதே 108-ஐத்தான் உள்ளிழுப்பு, வெளியேற்று இரண்டின் மையக்கோட்டுக்கும் அட்டை தந்திருந்தது. தொழிற்சாலைக் குறிகளை நேர்ப்படுத்தி அளந்தபோது உள்ளிழுப்புக் கேம் 114-இலும் வெளியேற்றுக் கேம் 104-இலும் நின்றன. இரண்டும் பின்தங்கியிருந்தன, ஆனால் சம அளவில் இல்லை. உள்ளிழுப்பை 106-க்குக் கொண்டுவரலாம் என்று முடிவாயிற்று. “எட்டு டிகிரி முன்னால் தள்ளணும், அவ்வளவுதானே அண்ணே?” என்று உடனிருந்த தம்பி கேம் கியரில் 8-ஐ நோக்கிப் போல்ட்டைத் தளர்த்தினார். மூத்த மெக்கானிக் கையைப் பிடித்து நிறுத்தினார். “அது கேம் டிகிரி தம்பி. நாலு போதும்.” அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால் கேம் 98-இல் போய் நின்றிருக்கும்; வால்வு திட்டமிட்டதைவிட 8 பாகை முன்னதாகப் பிஸ்டனை நோக்கி நீண்டிருக்கும்.

அந்த 8 பாகை ஏன் அச்சம் தருகிறது என்பதற்குப் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையேயான இடைவெளியைப் பார்க்க வேண்டும். உள்ளிழுப்பு வால்வு பிஸ்டனுக்கு மிக அருகே வருவது டிடிசி கடந்து ஏறத்தாழ 10 பாகையில்; வெளியேற்று வால்வு நெருங்குவது டிடிசிக்கு முன்னால் ஏறத்தாழ 10 பாகையில். உள்ளிழுப்புக்கு 2 மி.மீ., சூட்டில் நீளும் வெளியேற்றுக்கு 2.5 மி.மீ. என்பவை பொதுவாகப் பாதுகாப்பானவை என்று கொள்ளப்படும் குறைந்தபட்ச அளவுகள். உள்ளிழுப்பை முன்னதாக்கினாலும் வெளியேற்றைப் பின்தள்ளினாலும் இடைவெளி சுருங்கும். இத்தகைய கேமில் கிராங்க் கணக்கில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தவறிப்போன 8 பாகை முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் விழுங்கிவிடும். இரட்டைக் கேம் இன்ஜினில் இரு வால்வுகளும் ஒன்றையொன்று நெருங்குவதையும் கவனிக்க வேண்டும். கேமைத் தனித்தனியே நகர்த்தும்போது அவை பிஸ்டனுக்கு முன்பே ஒன்றோடொன்று மோதக்கூடும்.

இதை அளக்க இரு வழிகள். ஹெட் கழற்றியிருந்தால் பிஸ்டனின் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, எண்ணெய் தொட்டு, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டைப் பூட்டி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பின்பு திறந்து அமுங்கிய களிமண்ணை வெட்டி அளக்கலாம். ஹெட் மாட்டியே இருந்தால் இலகுவான ஸ்ப்ரிங் போட்டு, 10 பாகையில் கிராங்க்கை நிறுத்தி, வால்வைக் கையால் அழுத்திப் பிஸ்டனைத் தொடும்வரை எவ்வளவு இறங்குகிறது என்று டயல் கேஜில் வாசிக்கலாம். இரண்டாவது துல்லியமானது, முதலாவது பக்கவாட்டு நெருக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். எந்த வழியானாலும், கேமை இறுதியாக எந்த நிலையில் பூட்டப்போகிறோமோ அந்த நிலையில் அளந்தால்தான் பொருள் உண்டு. சிவிக்கில் 106-இல் உள்ளிழுப்பு இடைவெளி 2.2 மி.மீ. வந்தது. 98-க்குப் போயிருந்தால் எஞ்சியிருக்கக்கூடியதைக் கணக்குப் போட்டுப் பார்த்த தம்பி சிறிது நேரம் பேசவில்லை.

வேகத்துக்கேற்பச் சிறிய, பெரிய லோப்புகளுக்கு இடையே மாறும் ஹோண்டாவின் விடெக் இன்ஜினில் உயர்வேக லோப் பூட்டிக்கொண்ட நிலையில்தான் டைமிங்கையும் இடைவெளியையும் அளக்க வேண்டும். சிறிய லோப்புகளை அளந்து திருப்திப்படுவது பயனற்றது. ஓடும்போதே கேமை நகர்த்தும் இன்றைய அமைப்புகளில் அதன் அடிநிலையில் டைமிங் வைத்து, அது முழுமையாக முன்னே நகர்ந்த நிலையில் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். சில இன்ஜின்களில் அந்த நகர்வு கிராங்க் கணக்கில் 40 பாகையையும் தாண்டும் என்பதால், பெரிய கேம் போடுகிறவர்கள் நகர்வின் எல்லையைக் குறுக்கிவிடுகிறார்கள்.

பி வரிசையில் இன்னொரு கண்ணி. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் அதன் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளிழுப்புக் கேமின் முனையிலிருந்து ஓடுகிறது. கேமைக் கியரில் 4 பாகை நகர்த்தினால் தீப்பொறியின் நேரமும் கிராங்க் கணக்கில் 8 பாகை முன்னே போய்விடும். கியரைத் திருகியதும் வண்டி பறக்கிறது என்று சொல்கிறவர்களில் ஒரு பகுதியினர் அனுபவிப்பது உண்மையில் முந்திவிட்ட தீப்பொறியைத்தான். சில நாளில் அது, எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்து இன்ஜினைத் தட்டும் நாக்கிங்காகவும் கேட்கத் தொடங்கும். டைமிங் விளக்கைப் பிடித்து, தொழிற்சாலை சொல்லும் 16 பாகைக்குத் திரும்பக் கொண்டுவந்தபின் ஒப்பிட்டால்தான் கேம் செய்தது எது என்று தெரியும்.

அட்டை எண்ணிலேயே பூட்டுவதா, ஓரிரு பாகை முன்னோ பின்னோ வைப்பதா என்பது வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது. விரைவுச்சாலையில் அதிகபட்சம் மணிக்கு 90 கி.மீ.; மற்ற நேரம் சிக்னலும் கார்நிறுத்தத் தடுப்பும். தாம்சன் சாலைப் பந்தயங்கள் 1973-உடன் முடிந்தன. மரினா பே பந்தயப் பாதை ஆண்டுக்கொருமுறை போட்டுக் கலைப்பது. நிரந்தரப் பந்தயத் தடத்துக்கு நம்மவர்கள் கடற்பாலம் தாண்டி மலேசியாவின் சிப்பாங் வரை போக வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறைகூட நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தொடாத வண்டியில் கேமைப் பின்தள்ளி உச்சவேகத் திறனைத் துரத்துவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. உள்ளிழுப்பை 2 பாகை முன்னதாக்கி, மூடலைச் சற்று முந்தவைத்து நடுவேக இழுப்பைக் காப்பாற்றுவதே இங்கே அன்றாடம் ஓட்டுகிறவருக்குப் பொருத்தம். அதற்கு ஒரு விலை உண்டு: உள்ளே சிக்கும் அழுத்தம் கூடுவதால் நாக்கிங்கின் எல்லை நெருங்கும். நம் வெக்கையில் 95-ஐ விட்டு 98 பெட்ரோலுக்கு மாற வேண்டியிருக்கலாம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் எரிபொருள், தீப்பொறி அளவுகளைப் புதிய கேமுக்கு ஏற்ப மாற்றாமல் விடவும் முடியாது. வண்டியின் திறனை அளக்கும் டைனோ கிடைத்தால் ஒரு கேமை மட்டும் 2 பாகை வீதம் நகர்த்திப் பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டையும் சேர்த்து நகர்த்தினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளியேற்றுக் கேமைப் பின்தள்ளி ஓவர்லேப்பைக் கூட்ட விரும்புகிறவர்கள் பரிசோதனை நிலையத்தையும் நினைக்க வேண்டும். கார்களுக்கு மூன்றாண்டு முதல் பத்தாண்டுவரை இரண்டு ஆண்டுக்கொருமுறையும், பத்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. ஐட்லிங்கில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் புகைக்குழாயில் பிடிபட்டுவிடும். வாகன மாற்றங்களை அனுமதி தேவையற்றவை, அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை என்று நிலப் போக்குவரத்து ஆணையம் பிரித்து வைத்திருக்கிறது. இன்ஜினில் கை வைக்குமுன் தன் வேலை எதில் அடங்கும் என்று அங்கேயே கேட்டு உறுதிசெய்துகொள்வது, பின்னால் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவதைவிட மலிவு.

மோட்டார்சைக்கிள்காரர்களுக்கும் இதே கணக்குதான். சிறு மோட்டார்சைக்கிள்களுக்கான 2பி உரிமம் வைத்திருக்கும் இளைஞர்களிடையே பரவலான யமாஹா ஒய்15இசட்ஆர் போன்ற 150 சிசி வண்டிகளில் ஒரே கேம், ஒரே சிலிண்டர், செயின் என்பதால் வேலை குறைவு. ஆனால் மேக்னட் சக்கரத்தில் சிறு துளை வழியே தெரியும், டிடிசியைக் காட்டும் டி குறியை நம்புவது ஸ்க்ரூ டிரைவரை நம்புவதைவிடச் சிறிதே மேல். பார்க்கும் கோணம் மாறினால் குறியும் நகர்ந்துவிடும். அப்பாக்கள் ஓட்டிய யமாஹா ஆர்எக்ஸ்இசட் காலத்தில் இந்தத் தலைவலி இல்லை. இரண்டு வீச்சு இன்ஜினில் பிஸ்டனே துளைகளைத் திறந்து மூடியது. கேம் என்ற பொருளே அதில் கிடையாது.

கேம் கியரின் போல்ட்டுகளை இறுக்கும்போதே அரைப் பாகை நழுவுவது வழக்கம் என்பதால், இறுக்கியபின் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். சிவிக்கில் மூன்றாவது முறைதான் முள் சொன்னபடி நின்றது. புதிய பெல்ட் சற்று இளகும் என்பதால் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மூடியைத் திறந்து மீண்டும் பார்த்தார்கள். உள்ளிழுப்பு 106-இலிருந்து 107-க்கு வந்திருந்தது. மூத்தவர் அதை அப்படியே விட்டுவிட்டார். அட்டையின் பின்புறத்தில் தேதி, ஓடிய தூரம், டேப்பட் இடைவெளி ஆகியவற்றோடு 107, 108 என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சேவை ஏட்டுக்குள் செருகிக் கொடுத்தார்.